முட்டையை நிறுத்திக் கருவாட்டை உண்ணும் சிறுநீரக நோயாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிளினிக்கில் சொல்லப்படும் "புரதத்தைக் குறையுங்கள்" என்ற ஒற்றை வரி, தேயிலைத் தோட்டங்களில் எவ்வளவு பிழையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சுகாதாரத் துறையினரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் லயத்தில் வசிக்கும் அக்கா ஒருவரின் கிளினிக் கொப்பியில் உணவு பற்றிய குறிப்பு அவரால் வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்டிருந்தது. காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு அவர் முட்டை, மீன், பருப்பு மூன்றையும் அடியோடு நிறுத்திவிட்டு, காலையும் இரவும் ரொட்டியைக் கட்டச்சம்பலோடும், பகலில் சோற்றை நெத்தலிக் கருவாட்டுக் குழம்போடும் சாப்பிட்டு வந்தார். "கருவாடு நாலே நாலு துண்டுதானே தம்பி" என்றார். இரத்த அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தை மேலும் கெடுப்பது அந்த நாலு துண்டில் உள்ள உப்புத்தான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

டயலிசிஸ் தேவைப்படாத நிலையில் உள்ள பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அது 40 கிராம். 200 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டியிலும் 150 கிராம் அரிசியில் ஆக்கிய சோற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 30 கிராம் வந்துவிடுகிறது. எஞ்சிய 10 கிராமுக்கு ஒரு முட்டையும் ஒரு கரண்டிப் பருப்பும், அல்லது 50 கிராம் அளவில் ஒரு பச்சை மீன் துண்டும் போதும். அளவு சிறியதுதான், ஆனால் அதை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள, உடலுக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலத்தை ஈடுசெய்வது அந்தச் சிறிய பங்குதான்.

இரத்தத்தில் பொஸ்பரஸ் கூடியவர்களுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மிக நல்லது. பருப்பில் உள்ள பொஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகவே உடல் உறிஞ்சுகிறது. சொசேஜ் முதலியவற்றில் சேர்க்கப்படும் பொஸ்பேற்று என்ற பொஸ்பரஸ் உப்போ பெரும்பாலும் முழுமையாகவே உடலில் சேர்ந்துவிடுகிறது. பொட்டாசியம் கூடியவர்கள் பருப்பை ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, நிறைய நீரில் அவித்து வடித்துக்கொள்ளலாம். சோயா மீட் சமைப்பவர்கள் அதனோடு வரும் உப்பு நிறைந்த சுவைத்தூளைத் தவிர்க்க வேண்டும். டின் மீனும் கருவாட்டைப் போலவே உப்புக் கூடியதுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது டயலிசிஸ் தொடங்கியவர்களின் நிலை. ஒவ்வொரு முறை இரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் புரதம் வெளியேறுவதால், அவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. பழைய பத்தியத்தையே தொடர்பவர்கள் தசை கரைந்து, எழுந்து நடக்கவும் தெம்பில்லாமல் போகிறார்கள். அறிவுரை மாறிவிட்டது என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டியது வைத்தியசாலையின் பொறுப்பாகும்.

ஆகவே, மலையக வைத்தியசாலைகளின் சிறுநீரகக் கிளினிக்குகளில், நோயின் நிலைக்கும் இரத்தப் பரிசோதனை முடிவுக்கும் ஏற்ற உணவுக் குறிப்பைப் போசாக்கு நிபுணர்களைக் கொண்டு, எங்கள் வீடுகளில் சமைக்கும் ரொட்டி, சோறு, பருப்பு, மீன் ஆகியவற்றின் அளவுகளோடு தமிழில் அச்சிட்டு வழங்குமாறும், தோட்டங்களுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்கள் அதை நோயாளரின் வீட்டில் சமைப்பவருக்கும் விளக்குமாறும் உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்ட வாசகர் ஒருவர்,
மஸ்கெலியா.