பூங்கா மேடைக்கு மின் இணைப்பு வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்
இரண்டாம் சனிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியைக் கேட்க வருகிறவர்கள் சார்பில்,
மனு எழுதுபவர், தருமபுரி.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தருமபுரி மாவட்டம்.

பொருள்: பூங்கா திறந்தவெளி மேடையில் துண்டிக்கப்பட்ட மின் இணைப்பை மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் கடந்த ஆண்டு ஜூலை, நவம்பர், இந்த ஆண்டு பிப்ரவரி மாதங்களில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வழிப்பாதை ஆக்கிரமிப்பு என்று 19 வருடமாக ஊரார் குறையையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடக்கி எழுதிக் கொடுத்து வருகிறேன். எனக்கென்று எழுதுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான், அதுவும் நான்காவது முறை. அதனால் இது ஒரு பக்கத்தைத் தாண்டினால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எந்தப் பூங்கா என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு ரோட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஊஞ்சல்களைத் தாண்டிப் போனால் தகரக் கூரை போட்ட மேடை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அங்கே பாட்டு நடக்கும். சினிமாப் பாட்டு கிடையாது. அதற்கு ஊரில் நல்ல ஆர்க்கெஸ்ட்ராக்கள் இருக்கின்றன, அவர்களை நான் குறை சொல்லவில்லை. இங்கே அவரவர் கட்டிய பாட்டை அவரவர் பாடுவார்கள். பாலக்கோடு பக்கத்திலிருந்து பம்பையும் உடுக்கையும் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் பஸ்ஸில் வருவார். பெங்களூருவில் வேலை பார்க்கும் பென்னாகரம் ரோட்டுத் தம்பி ஒருவன், சனிக்கிழமை மதியம் கிட்டாரோடு வண்டி ஏறிவிடுவான். அரூர் பக்கத்துக் கூத்து வாத்தியார் வந்தால் மிருதங்கத்தோடு வருவார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறாள். இவர்கள் யாருக்கும் டிக்கெட் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, பேனர் கிடையாது.

எனக்குப் பாடவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. கேட்கத் தெரியும். ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதி, யார் பாடினார்கள், என்ன பாட்டு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். 57 நிகழ்ச்சிகள் அதில் இருக்கின்றன. நகல் இணைத்திருக்கிறேன்.

எங்கள் குறைகள் பின்வருமாறு:

1. கடந்த ஆண்டு ஏப்ரலில் கோடை மழையின்போது மேடைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிப் பொறி பறந்தது. மறுநாள் ஆட்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கி, மீட்டரையும் கழற்றி எடுத்துப் போனார்கள். அது சரி. குழந்தைகள் விளையாடுகிற இடம், அவர்கள் செய்தது நியாயம். இரண்டு வாரத்தில் புதுப் பெட்டி வரும் என்றார்கள். இது 14-ஆவது மாதம்.

2. மேடை ஒரு அலுவலகத்தின் சொத்து, கரண்ட் இன்னொரு அலுவலகத்தின் வேலை. பெயர் சொல்லி யாரையும் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை, தங்களுக்கே தெரியும். முதல் அலுவலகத்தில் கேட்டால், மீட்டர் வைத்தால் பெட்டி போடுகிறோம் என்கிறார்கள். இரண்டாவது அலுவலகத்தில் கேட்டால், பெட்டி போட்டால் மீட்டர் வைக்கிறோம் என்கிறார்கள். சரி, நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் தற்காலிக இணைப்பாவது கொடுங்கள், கட்டணம் கட்டுகிறோம் என்றால், சொத்துக்கு உரியவரிடம் கடிதம் வாங்கி வா என்கிறார்கள். கடிதம் கேட்டுப் போனால், மேடை இப்போது பயன்பாட்டில் இல்லை என்று பதிவாகியிருக்கிறது, பயன்பாட்டில் இல்லாத மேடைக்கு எப்படிக் கடிதம் தருவது என்று கேட்கிறார்கள். ஏன் பயன்பாட்டில் இல்லை என்று கேட்டேன். கரண்ட் இல்லையே என்றார்கள்.

3. கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் வைத்துப் பாடுகிறோம். எல்லாக் கஷ்டத்தையும் விட இதுதான் பெரிய கஷ்டம், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். மேடைக்கு வலது பக்கம், வேலியை ஒட்டி அதை நிறுத்துகிறார்கள். அதற்கு மேல் தள்ளி வைக்க வயர் எட்டாது. 6 மணிக்கு இழுத்து விட்டால் 9 மணி வரை ஓயாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பது தாங்கள் அறிந்ததே. அதைக் கொடுக்க அந்தச் சின்ன இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 50. அந்த வேகத்தில் எழும் முனகல் 5 கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே விழுகிறது என்று எங்களுக்குக் கீபோர்டு வாசிக்கும் தம்பி வாசித்தே காட்டினான். கல்லூரிப் பெண் பாடுவதற்குப் பிடிக்கும் அடிப்படைச் சுருதியும் அதே 5 கட்டை. ஐயா, சற்றே தப்பான சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் மூன்று மணி நேரம் காதருகே உட்கார்ந்து முனகினால் எப்படி இருக்கும்? அவள் பாடப் பாட, தன்னை அறியாமல் ஜெனரேட்டர் பக்கம் சாய்ந்துவிடுகிறாள். பிறகு சுதாரித்துத் திரும்பி வருகிறாள். ஒரு பாட்டுக்குள் நாலு முறை இது நடக்கிறது. அவள் குரல் தப்புகிறது என்று பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். தப்பு அவள் மேல் இல்லை.

லோடு ஏறினால் கீபோர்டு அணைந்து அணைந்து எழுகிறது. இப்போது மேல்காற்று வேறு ஆரம்பித்துவிட்டது, டீசல் புகை நேராகக் கேட்பவர்கள் முகத்தில்தான் வந்து விழும். அப்புறம், பக்கத்துத் தெருவில் இருந்து எங்கள் மேல் புகார் போயிருக்கிறது. பாட்டு மேல் இல்லை, ஜெனரேட்டர் மேல். நாங்கள் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கித்தான் மைக் கட்டுகிறோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல்தான் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன, நாங்கள் 9 மணிக்கே மூட்டை கட்டிவிடுகிறோம். அதே விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர அளவு 55 டெசிபல். பாட்டு தொடங்கும் முன்பு, ஜெனரேட்டர் மட்டும் ஓடும்போது 10 அடி தள்ளி நின்று கைபேசியில் பார்த்தேன், 81 காட்டியது. கைபேசிக் கணக்கு செல்லாது என்றால் அந்தத் தெருக்காரர்களையே விசாரிக்கலாம்.

போன மாத நிகழ்ச்சியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் தக்காளிப் பாட்டு பாடினாள். விலை சரிந்து, பறித்த தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்புகிற வருடத்தைப் பற்றிய பாட்டு. பாலக்கோட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும், பெரியவரின் உடுக்கை மட்டும் கூட வரும். சரியாக அந்த இடத்தில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. விளக்கு போயிற்று, மைக் போயிற்று. அவளும் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தவில்லை. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை நெருக்கி விடும்போது ஒலி மேலே ஏறிக் குழைந்து இறங்கும் அல்லவா? அதை ஒரு வருடத்துக்கு மேலாகி அன்றைக்குத்தான் என் காதால் கேட்டேன். நான் முன்வரிசையில் இருந்தேன். நாலாவது வரிசைக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை, நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இதை ஒரு அலுவலரிடம் சொன்னபோது, அப்படியானால் மைக் இல்லாமலே பாடலாமே என்றார். கூத்துக்காரர்கள் ஒரு காலத்தில் மைக் இல்லாமல்தான் விடிய விடியப் பாடினார்கள், மறுக்கவில்லை. அப்போது பக்கத்து ரோட்டில் ஏர் ஹாரன் இல்லை. அந்த அலுவலர் மே மாதத்தில் ஒரே ஒரு நாள் ஃபேன் இல்லாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து காட்டட்டும், நானும் இவர்களை மைக் இல்லாமல் பாடச் சொல்கிறேன். (கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மற்றவர்களுக்கு எழுதும்போது இப்படிப்பட்ட வரியை அடித்துவிடுவேன்.)

4. செலவு. ஜெனரேட்டர் வாடகை 2,500, டீசல் தனியாக 600. நிகழ்ச்சி முடிந்ததும் துண்டு ஏந்தி வசூல் செய்வோம். போன மாதம் விழுந்தது 1,840. முன்பெல்லாம் அந்தப் பணம் அப்படியே பாட வந்தவர்களுக்குப் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போகும். இப்போது பெரியவர் கையில் 100 ரூபாயைத் திணித்து அனுப்புகிறோம், அவரும் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார். நம் ஊர்க் கலைஞர்களில் அதிகச் சம்பளம் வாங்குவது இன்றைக்கு அந்த ஜெனரேட்டர்தான். இந்த 14 மாதத்தில் 5 மாதம் நிகழ்ச்சியே நடக்கவில்லை. காரணம் இந்தப் பணம்தான்.

5. மேடைக்கு 20 அடி தூரத்தில் இருக்கும் விளக்குக் கம்பம் பகலிலும் எரிகிறது.

6. மனு கொடுத்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் அன்றே ரசீது கிடைத்தது, அதில் குறை இல்லை. மனு போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. முதல் இரண்டுக்கும் பதிலே இல்லை. மூன்றாவதற்கு மட்டும் கைபேசியில் ஒரு செய்தி வந்தது: மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. எதைப் பரிசீலித்தார்கள், எதை முடித்தார்கள்? ஒருவர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பெட்டியாவது தெரிந்திருக்கும்.

அந்தப் பெட்டி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா. உள்ளே ஒன்றும் இல்லை, தகரக் கதவு மட்டும். இது அதியமான் ஊர். பொது இடத்தில் தொங்கவிட்ட தண்ணுமை என்ற தோல் வாத்தியத்தில் காற்று மோதி ஒலி எழுந்தாலே, போர் வந்துவிட்டது என்று கிளம்பிவிடுவானாம் அதியமான், ஔவையார் பாடியிருக்கிறார். எங்கள் மேடையிலும் காற்று மோதுகிறது, பெட்டிக் கதவு 14 மாதமாக டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. யாரும் எழுந்து வரவில்லை.

நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சென்னையில் பொங்கலை ஒட்டிச் சங்கமம் என்று அரசே விழா எடுக்கிறது, 2007-இல் தொடங்கியது, நடுவில் நின்று 2023-இல் திரும்ப வந்தது. மகிழ்ச்சி. நம் பக்கத்துப் பறைக்காரர் ஒருவர் அங்கே போய் வாசித்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். மேடையில் கரண்ட் இருந்துச்சு என்றார், அவ்வளவுதான் சொன்னார். மாவட்டக் கலை மன்றம் சிறுவர்களுக்குக் கலை இளமணியும் மூத்தவர்களுக்குக் கலை முதுமணியும் கொடுக்கிறது, நல்ல காரியம். நாங்கள் விருது கேட்டு வரவில்லை. அரங்கம் வேண்டாம், நிதி வேண்டாம், நாற்காலிகூட வேண்டாம், தரையில் உட்கார்ந்து கொள்கிறோம். ஒரு மீட்டர், மழை இறங்காத ஒரு பெட்டி, ஷாக் அடித்தால் தானே அணைகிற ஒரு டிரிப் சுவிட்ச், இரண்டு பிளக் பாயின்ட். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டி, சாவியைக் காவலாளியிடமே கொடுத்துவிடுங்கள். மாத பில்லை நாங்கள் கட்டுகிறோம். பெட்டிக்கும் வயருக்கும் பணம் இல்லை என்றால் அதையும் வசூல் செய்து கட்டுகிறோம். எங்கே கட்ட வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லட்டும்.

கிட்டார் தம்பி சென்ற வாரம் போன் செய்தான். அண்ணா, பெங்களூருல ஒரு இடத்துல வாசிக்கக் கூப்பிடறாங்க, சனிக்கிழமைதான், போகட்டுமா என்று கேட்டான். அந்த ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி வாசிக்க வா என்று எந்த வாயால் சொல்வேன்? போப்பா என்றேன். அவன் போனால் கீபோர்டு தம்பி போவான். பெரியவருக்கு வயது 70 ஆகிறது. நோட்டில் 58-ஆவது நிகழ்ச்சிக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே ஐயா அவர்கள் இந்த மனுவை வேறு மேசைக்கு அனுப்பாமல், தாங்களே ஒரு முறை மாலை நேரத்தில் அந்தப் பூங்காவுக்கு வந்து பார்த்து, சம்பந்தப்பட்ட இரண்டு அலுவலகத்தாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வைத்து, மேடைக்கு மின் இணைப்பு கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு கொடுங்கள் ஐயா. வேறு ஒன்றும் வேண்டாம், இணைப்பு.

இணைப்பு: (1) முந்தைய மூன்று மனுக்களின் நகல், ரசீதுடன். (2) நிகழ்ச்சி நோட்டின் நகல். (3) சுவிட்ச் பெட்டியின் புகைப்படம் 2. (4) ஆதரவாகக் கையெழுத்திட்ட 43 பேரின் பட்டியல். பக்கத்துத் தெருவில் புகார் கொடுத்தவரும் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

பின்குறிப்பு: அடுத்த நிகழ்ச்சி வருகிற இரண்டாம் சனிக்கிழமை. ஜெனரேட்டர்காரருக்குப் புதன்கிழமைக்குள் 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. கொடுக்கலாமா வேண்டாமா என்பதை மட்டுமாவது அதற்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.