வைக்கோலும் வாழையும் ஒரே டிரம்மில்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீவனத் தட்டுப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைக்கும் மாட்டுத் தீவனம் என்றாலே மக்காச்சோளம், குழி என்றுதான் அதில் இருந்தது. மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக்கு அது சரி. நெல்லை மாவட்டம் களக்காட்டில் எங்களிடம் இருப்பது வாழை. தார் வெட்டிய மரம் வயலிலேயே கிடந்து அழுகுகிறது. கோடைக்காற்றில் சாய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிசான நெல் அறுத்த வைக்கோலோ படப்பில் காய்ந்து நிற்கிறது.

வாழை மரத்தில் நூற்றுக்குத் 90 பங்குக்கு மேல் தண்ணீர். தனியாக அடைத்தால் கூழாகிவிடும். வைக்கோலில் ஈரமே இல்லை, அதனால் புளிக்காது. இரண்டையும் நறுக்கி, 70 கிலோ வாழைக்கு 30 கிலோ வைக்கோல் கலந்தால் ஈரம் 68 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது. சைலேஜுக்கு வேண்டியது அதுதான். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து, அரைக் கிலோ உப்பும் போட்டு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் அடைக்கிறேன். அரையடிக்கு ஒரு தரம் உள்ளே இறங்கி மிதிக்க வேண்டும்.

முதல் தடவை அந்த மிதியில்தான் கோட்டை விட்டேன். 45 நாள் கழித்துத் திறந்தால் மேலே ஒரு சாண் ஆழத்துக்குப் பூஞ்சணம். அப்படியே உரக்குழிக்குப் போயிற்று. "ஏன்வே, மாட்டுக்கும் ஊறுகாய் கேக்குதா?" என்று பக்கத்து வயல் அண்ணாச்சி சிரித்தார். அடுத்த டிரம்மைத் திறந்தபோது நீத்தண்ணி மாதிரி இதமான புளிப்பு வாடை. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தவிடு தூவி வைத்தேன். நாலாம் நாள் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. கறந்த பிறகுதான் போடுவேன், இல்லாவிட்டால் பாலில் வாடை ஏறும்.

இதில் புரதம் குறைவு, புண்ணாக்கை நிறுத்த முடியாது. குருணை வடிவப் பூச்சிமருந்து போட்ட வாழையைத் தொடவே கூடாது.

தடங்கல் நறுக்குவதில்தான். அரிவாளை வைத்துக்கொண்டு ஒரு அங்குலத் துண்டாக நறுக்க, ஒரு டிரம்முக்கு ஒரு பகல் போகிறது. இரண்டு மாடு வைத்திருப்பவனுக்குச் சொந்தமாக இயந்திரம் வாங்கிக் கட்டாது. பால் சங்கத்துக்கு ஒன்று கொடுத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடச் சொல்லலாமே. அப்புறம், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து யாராவது வந்து, வாழை வெட்டும் சமயத்தில் எங்கள் வயலிலேயே ஒருமுறை செய்து காட்டினால் நல்லது. டிரம் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
களக்காடு