முதலில் பிரேக், அப்புறம்தான் மற்றதெல்லாம்

வலங்கைமான்
மாசி மாதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. சம்பா அறுப்பு, அத்தையின் கண் ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. அத்தைக்கு இப்போது பார்வை பளிச்சென்று தெரிகிறது. "சேகர் தொப்பையை இனிமேல்தான் சரியாகப் பார்க்கணும்" என்கிறாள். வீட்டில் எல்லோரும் நலம்.

நம் நண்பன் டைனமோவின் மகன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான். பதறாதே. காறை எலும்பு முறிவு, முழங்கையில் தோல் போயிருக்கிறது, அவ்வளவோடு தப்பித்தான். ஊருக்குத் தெற்கே வாய்க்கால் வளைவு உனக்குத் தெரியுமே, அங்கேதான். பாதி ரோட்டில் நெல் காயப்போட்டு ஓரமாகக் கல் அடுக்கியிருந்தார்கள். எதிரே மினி பஸ் வந்ததும் பையன் நெல்லின் மேல் ஒதுங்கிப் பிரேக்கை அழுத்திவிட்டான். கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரிதான், சக்கரம் நிற்குமா? ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. தலை மண்கரையில் பட்டது. பக்கத்திலேயே மதகுக் கட்டை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

நெல் காயப்போட்டவரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொட மாட்டார்கள். களம் போதாத ஊரில் அவர் எங்கே போவார்? ஆக, அறுப்புக் காலத்தில் நம் ரோட்டில் நெல் இருக்கத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு ஓட்டப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தோம்? எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் வந்துவிடுகிறது. எட்டு போடும்போது வண்டி நடை வேகத்தில் போகிறது. நாற்பதில் வரும்போது நாய் குறுக்கே பாய்ந்தால் என்ன செய்வது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சிமெண்டுக் களத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். முதல் பாடம் பிரேக்தான். சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டைத் தொட்டதும் நிறுத்தச் சொல்வேன். எங்கே நிற்பாய் என்று அவர்களையே முன்கூட்டி ஒரு செங்கல் வைக்கச் சொல்வேன். எல்லோருமே செங்கல்லைத் தாண்டித்தான் நின்றார்கள், தபால்காரர் மகளைத் தவிர. அவள் முன் பிரேக்கைப் பயமில்லாமல், வெடுக்கென்று இழுக்காமல் சீராக இறுக்கினாள். மற்றவர்களுக்கு "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது. காய்ந்த ரோட்டில் வண்டியை நிறுத்துவதே அதுதான். நெல்லும் மணலும் கிடந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹேண்டில் நேராக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும்.

அறுபதில் போனால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் இருபதுதானே என்கிறார்கள். பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் இரண்டே கால் மடங்கு ஆகிறது. களத்திலேயே அடி வைத்து அளந்து காட்டினேன். பையன்கள் முகம் மாறிவிட்டது.

பதினெட்டு ஆகாதவர்கள் களத்தை விட்டு வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. அவர்களை என் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகிறேன். கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "இடப்பக்கம் ஆடு. குட்டி வலப்பக்கம் நிற்கிறது, குறுக்கே ஓடும்." "வாத்துக்கூட்டம் வயலில் இருந்து ஏறுகிறது." "வைக்கோல் டிராக்டர், பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் இல்லை." அந்த டிராக்டர்தான் ராத்திரியில் எமன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடப் போகிறது என்று முறுக்கிக்கொண்டு பறப்பவர்களையும் ஓரமாக நின்று பார்க்கச் சொன்னேன். கேட்டில் காத்திருப்பது எரிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக உயிரையா கொடுப்பது?

இப்போது உன் விஷயம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பையனுக்கு 200 சிசி வண்டி என்று எழுதியிருந்தாய். வேண்டாமடா. அவனுக்குப் பதினெட்டு ஆவதே ஆடியில்தான். அதற்குள் ரோட்டில் ஓட்டினான் என்றால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. அதையெல்லாம் விடு. அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. டைனமோ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். உன்னை அப்படி என்னால் பார்க்க முடியாது.

பரீட்சை முடிந்ததும் அவனை இங்கே அனுப்பிவிடு. அத்தைக்கும் துணையாக இருக்கும். களத்தில் என் பழைய ஸ்கூட்டரில் பழகட்டும். ஆடியில் எல்எல்ஆர் போட்டால் முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். என்ன வண்டி வாங்குவது என்று அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். இப்போதைக்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்று வாங்கு. அவனைக் கடைக்குக் கூட்டிப்போய், தலையில் மாட்டி, பட்டையைப் பூட்டி ஆட்டிப் பார்த்து வாங்கு. ஷூவும் முழுக்கைச் சட்டையும் கொண்டுவரச் சொல். எந்த ரயில் என்று முன்னதாகவே எழுது, கும்பகோணம் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
கண்ணன்