பேன் பூனைகிட்டேர்ந்து வரல: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான அப்பா அம்மாக்களுக்கும் வீட்ல புள்ளைங்கள பாத்துக்குற தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் மூணாங்கிளாஸ்ல நாலஞ்சு புள்ளைங்க தலையில பேன் இருந்துச்சு. ஸ்கூல்னா இது வர்றதுதான், நான் வேலைக்கு சேந்த நாள்லேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். ஆனா அதுக்கப்புறம் நடந்தத பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. ஒரு புள்ள வீட்ல பூனை வளக்குறாங்க, அதுலேர்ந்துதான் பேன் பரவுதுன்னு யாரோ வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்கீங்க, மறுநாள் அந்த புள்ள பக்கத்துல ஒருத்தரும் உக்காரல, நம்ம ஸ்கூல் டீச்சர் ஒருத்தரே "பூனைய தொட்டுட்டு கிளாசுக்கு வராத"ன்னு சொல்லிட்டாங்க, அவமானம் தாங்காம அந்த புள்ள வீட்ல ரெண்டு பூனைக்குட்டியையும் சாக்குல போட்டு சந்தை பக்கம் விட்டுட்டு வந்துட்டாங்க. திங்கக்கிழமை காலைல அந்த புள்ள என் ரூம்ல வந்து ஒரு வார்த்தை பேசாம அழுதுட்டே உக்காந்திருந்துச்சு. டீச்சர் சொன்னது தப்பு, அந்த வீட்டுக்கு நேர்ல போய் மன்னிப்பு கேட்டுட்டேன், இங்கயும் கேக்குறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம தலையில வர்ற பேன் மனுஷ தலையில மட்டும்தான் வாழும். நாய்க்கும் பேன் உண்டு, பூனைக்கும் உண்டு, ஆனா அதெல்லாம் வேற வேற இனம். பேனோட கால் நுனியில கொக்கி மாதிரி நகம் இருக்கும், எந்த பிராணி மேல வாழுதோ அந்த முடியை பிடிக்கிற மாதிரியே அது அமைஞ்சிருக்கு, அதனால நாய்ப்பேன் நம்ம தலையில ஒட்டி குடும்பம் நடத்தாது, நம்ம பேனும் நாய் மேல போய் வாழாது. புள்ளைக்கு பேன் வந்தா பூனைக்கு மருந்து போட வேண்டியதே இல்ல. பேனுக்கு ரெக்கையும் கிடையாது, குதிக்கவும் தெரியாது, ஊர்ந்துதான் போகும். தலையும் தலையும் ஒட்டிக்கிட்டு ஒரே போன்ல வீடியோ பாக்குறது, ஒரே தலகாணியில படுக்குறது, இப்படித்தான் பெரும்பாலும் பரவுது. தலையை விட்டு கீழ விழுந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும். அழுக்கா இருக்குற புள்ளைக்குத்தான் வரும்ங்கிறதும் உண்மை இல்ல, தினம் தலைக்கு குளிக்கிற புள்ளைக்கும் வரும்.

அப்போ பிராணிகிட்டேர்ந்து எதுவுமே வராதான்னு கேட்டா, வரும், அது தெள்ளுப்பூச்சி. பலபேர் பேனையும் தெள்ளையும் உண்ணியையும் ஒண்ணா நினைச்சு குழப்பிக்கிறாங்க. தெள்ளு நல்லா குதிக்கும், நாய் பூனை ரெண்டு மேலயும் இருக்கும், நம்மளையும் கடிக்கும், ஆனா நம்ம உடம்புல தங்காது. பேன்னா காதுக்கு பின்னாடியும் பிடரியிலயும் அரிக்கும், தெள்ளு கடிச்சா கணுக்கால், முழங்காலுக்கு கீழ சின்ன சின்ன செவப்பு தடிப்பா கூட்டமா வரும். இடத்தை பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

வீட்ல நாய் பூனை இருந்தா இதை பண்ணி பாருங்க. ஒரு வெள்ளை பேப்பரை கீழ விரிச்சு பேன்சீப்பால முதுகையும் வால் பக்கத்தையும் சீவுங்க, மிளகு தூள் மாதிரி கருப்பா விழுந்தா அது மேல ஈரப்பஞ்சை வைங்க, செம்பழுப்பா கரைஞ்சா அது தெள்ளோட எச்சம், உள்ள இருக்குறது ரத்தம். அப்படின்னா பிராணிக்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது, ஏன்னா தெள்ளு போடுற முட்டை முடியில நிக்காம மிதியடி, சாக்கு, அது படுக்குற துணின்னு எல்லா இடத்துலயும் உதிர்ந்துடும், அங்கயே புழுவாகி கூட்டுக்குள்ள மாசக்கணக்குல கூட காத்துக்கிட்டிருக்கும். லீவுக்கு பூட்டிட்டு போன வீட்டை திறந்து நடந்ததும் கால்ல கடிக்குதுன்னு சொல்வாங்களே, காரணம் இதான், நம்ம காலடி அதிர்வுக்கு மொத்தமா வெளிய வரும். அதனால துணியெல்லாம் வெந்நீர்ல தொவைங்க, மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்க, கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டு மருந்து போடுங்க. ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், நாய்க்கு போடுற பெர்மெத்ரின் மருந்தை பூனைக்கு போட்டுடாதீங்க, வலிப்பு வந்து செத்தே போயிடலாம்.

தெள்ளை புள்ளைங்க தெரியாம முழுங்கிட்டா வயித்துல நாடாப்புழு வர வாய்ப்பு இருக்கு, குட்டியை கொஞ்சிட்டு அதே கையால முறுக்கு திங்க விடாதீங்க. பூனைக்குட்டிக்கு முடி வட்டமா கொட்டியிருந்தா அது படர்தாமரையா இருக்கலாம், அது நமக்கும் ஒட்டும், டாக்டர்கிட்ட காட்டுங்க.

தலைப்பேனுக்கு இந்த ஞாயித்துக்கிழமை எல்லார் வீட்லயும் ஒரே நாள்ல தலை பாருங்க, ஏன்னா ஒரு வீடு விட்டுட்டா மறுபடி வந்துடும். தலையை நனைச்சு கண்டிஷனர் தடவி பேன்சீப்பால வேர்லேர்ந்து நுனி வரைக்கும் சீவுங்க, ரெண்டு மூணு நாளுக்கு ஒருதடவை ரெண்டு வாரம் இப்படி பண்ணுங்க. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் போடுறவங்க 7 முதல் 10 நாள் கழிச்சு இன்னொரு தடவை போடணும், ஈரு பொரிய அவ்ளோ நாள் ஆகும். கைக்குழந்தைக்கு டாக்டரை கேக்காம எதுவும் போடாதீங்க. மண்ணெண்ணெய், எறும்பு சாக்பீஸ், கற்பூரம் கலந்த எண்ணெய் எதுவும் வேண்டாம், கற்பூரம் சின்ன புள்ளைங்களுக்கு வலிப்பே வர வச்சிடும். சீத்தாப்பழ விதையை அரைச்சு தடவுறது நம்ம பக்கம் ரொம்ப வருஷமா இருக்கு, பாட்டிங்க கோச்சுக்காதீங்க, அது துளி கண்ணுல பட்டாலும் கருவிழி புண்ணாகி புள்ள கண்ணே திறக்க முடியாம துடிக்கும்.

பேன் இருக்குன்னு எந்த புள்ளையையும் ஸ்கூல்லேர்ந்து வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் தலை பாக்கவும் மாட்டோம், டீச்சர்களுக்கு சொல்லியாச்சு. பொம்பள புள்ளைங்களுக்கு முடியை இறுக்கி பின்னி விடுங்க, மொட்டை அடிக்க வேண்டாம்.

அந்த ரெண்டு குட்டியில ஒண்ணு சந்தையில கருவாட்டு கடைக்கு பக்கத்துல கிடைச்சு வீட்டுக்கு வந்துடுச்சு. இன்னொண்ணு சாம்பல் கலர், வால் நுனி வெள்ளையா இருக்கும், இன்னும் கிடைக்கல. சந்தை பக்கம் போறவங்க யாராவது பாத்தீங்கன்னா ஸ்கூலுக்கு ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து எடுத்துட்டு போய் அந்த புள்ள கையில குடுத்துடுறேன்.

இப்படிக்கு,
உங்க புள்ளைங்களோட தலைமையாசிரியை