மாத்திரைச் சீட்டில் பயத்தையும் எழுத வேண்டாம்

ஆசிரியருக்கு,

கொலஸ்ட்ரால் மாத்திரைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பக்க விளைவுகளை விலாவாரியாக அடுக்கியது. அந்த அடுக்கே சிலருக்கு உபாதையைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லவில்லை.

பெங்களூரு அல்சூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 'இதைப் போட்டா கை கால் குடையுமாமே?' என்று கேட்டுக்கொண்டே சீட்டை நீட்டுபவர்கள் உண்டு. அடுத்த மாதம் மற்ற மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, ஸ்டேடினை, அதாவது கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரையை மட்டும் வேண்டாம் என்பார்கள். கால் வலியாம். (வியாபாரத்துக்காகப் பேசவில்லை, அவர்கள் வலி மாத்திரை வாங்குவதும் என்னிடம்தான்.)

வலி பொய்யில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வில், பக்க விளைவுகளால் ஸ்டேடினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் அசல் மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் வெறும் டப்பா என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது அசல், எது போலி என்று சொல்லவில்லை. தினமும் தொந்தரவுக்கு 100க்கு மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டேடின் மாதங்களில் 16.3. போலி மாத்திரைக்கு 15.4! கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே உபாதையைக் கொண்டுவரும் இதைத்தான் நோசிபோ என்கிறார்கள். தங்கள் கணக்கையே பார்த்த பிறகு, பாதிப் பேர் மறுபடி ஸ்டேடின் சாப்பிடத் தொடங்கினார்கள்.

அதற்காக டாக்டர்கள் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் பேரன் போனில் தேடி, இன்னும் பயங்கரமாகப் படித்துக் காட்டுவான். சொல்லும் விதம்தான் விஷயம். பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு முதுகில் மரப்பு ஊசி போடும்போது, 'பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும், இதுதான் மோசமான கட்டம்' என்று ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். 'இடம் மரத்துவிடும், சௌகரியமாக இருப்பீர்கள்' என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். தேனீ என்று கேட்டவர்களுக்கு வலி கூடுதல் என்கிறது 2010இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வு.

இங்கே இன்னொரு சிக்கல். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு, டாக்டர் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ சொன்னதை மகனோ மருமகளோ சுருக்கிச் சொல்கிறார்கள். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது ஆறுதல்தான். ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறது, சரி. ஆனாலும் 'பெரும்பாலோருக்கு வராது. வந்தால் நீங்களாக நிறுத்தாமல் என்னிடம் வாங்க' என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும்.

ஸ்டேடினால் நிஜமாகவே தசை கெடுவதும் உண்டு. கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கட்டுரை இதை எச்சரித்தது நல்லதே. அது அபூர்வம் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாம்.

– மருந்துக்கடை வாசகர், அல்சூர், பெங்களூரு