கடைக்கு எந்தப் பாட்டைக் கொண்டுபோவது?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய பட்டியல் வந்தது. ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது போட்டுப் பார்க்க வேண்டிய பாட்டுகளாம். ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது, எல்லாம் சுத்தமான பதிவுகள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1985 ஆல்பத்தைப் போடாத ஸ்பீக்கர் கடையே இருக்காது. என் சந்தேகமும் அங்கேதான். எந்தப் பெட்டியில் போட்டாலும் நன்றாகவே கேட்கும் பாட்டை வைத்துக்கொண்டு, பெட்டியின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? "நீங்க நாலு பாட்டு சொல்லுங்கப்பா" என்றாய். ஃபோனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடித்தது என்று ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மைக் செட் கட்டிப் பிழைத்தவருக்கு ஹைஃபை பற்றி என்ன தெரியும் என்று மாப்பிள்ளை நினைக்கலாம். நியாயம்தான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு ஊர்க்கோடி வரை கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நடு ஓசையை மட்டும் பிடித்துத் தூரத்துக்குத் தள்ளும். அடி ஓசை வராது, உச்சி ஓசையும் சரியாக வராது. ஆனால் அதோடேயே காலம் போனதில் எனக்கு ஒரு லாபம் உண்டு. பாட்டில் எது காணாமல் போகிறது என்று காது தானாகத் தேடும்.

'இளைய நிலா' 1982-இல் வந்த பாட்டு. கல்யாண வீடுகளில் அதை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். கிடார் கணீரென்று வரும், எஸ்.பி.பி. குரல் வரும். அதற்குக் கீழே பாஸ் கிடார் தனியாக ஒரு வழியில் நடந்துகொண்டிருப்பது, வீட்டுக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை போகும். நீங்கள் அலமாரியில் வைக்க நினைக்கிற சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்காது. பரவாயில்லை, மேலே இருக்கும் துணை ஓசைகளை வைத்துக் காது மீதியை ஊகித்துக்கொள்ளும். அந்த பாஸ் வாசிக்கும் மெட்டை உன்னால் கூடவே முணுமுணுக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் பெட்டி நல்ல பெட்டி. வெறும் 'தும் தும்' என்று மட்டும் வந்தால், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

ஆனால் இது இரண்டாவது. முதலில் குரலைத்தான் போட வேண்டும். எம்.எஸ். பாடி 1963-இல் வந்த சுப்ரபாதம் உனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதில் ராதா விஸ்வநாதனும் சேர்ந்தே பாடியிருக்கிறார். டீக்கடை ரேடியோவில் கேட்டால் ஒரே குரலாகத்தான் இருக்கும். நல்ல ஸ்பீக்கரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் என்று புரியும். ஸ், ஷ் எல்லாம் வரிக்கு வரி வருகிற பாட்டு அது. அந்த எழுத்துகள் சீறிக்கொண்டு வந்தால் உச்சி ஓசைக்கென்று பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், சரியில்லை, அல்லது அந்த அறை சரியில்லை. வெறும் குரலில் கோளாறு ஒளிந்துகொள்ள இடமில்லை. எம்பி3 உருவானபோது கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் பொறியாளர், சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தாராம். மாப்பிள்ளையிடம் சொல், அவர் பட்டியலில் அது விட்டுப்போயிருக்கிறது.

அடுத்தது மிருதங்கம். இதை விடவே கூடாது. உன் தம்பி படித்த காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து தொப்பியில், அதுதான் மிருதங்கத்தின் இடது பக்கம், ரவைப் பசை அப்புவான், வாசித்து முடித்ததும் சுரண்டி எடுப்பான், எறும்பு வருகிறது என்று அம்மா கத்துவாள். அந்த ஓசையை ஒரு முழம் தூரத்தில் வருடக்கணக்கில் கேட்டவள் நீ. வெள்ளைக்காரர் டிரம்ஸ் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெட்டி எப்படிச் சொல்கிறதோ அதை நம்ப வேண்டியதுதான். மிருதங்கத்தில் உன்னை யாரும் ஏமாற்ற முடியாது. பாலக்காடு மணி ஐயர் ஆனாலும் சரி, உமையாள்புரம் சிவராமன் ஆனாலும் சரி, ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போடு. வலது பக்கமான வலந்தலையில் விரல் விழும் இடம் சுருக்கென்று தெரிய வேண்டும். தொப்பியில் கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி இழுக்கும்போது ஓசை வளைந்து ஏற வேண்டும். முக்கியமாக, கை எடுத்ததும் நிற்க வேண்டும். நின்ற பிறகும் அறையில் முழங்கிக்கொண்டிருந்தால், பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து முன்னால் இழுத்து வைக்கச் சொல்லி மறுபடி கேள். மூலையில் வைத்தால் எந்தப் பெட்டிக்கும் அடி ஓசை வீங்கிவிடும். அதே பதிவில் பின்னால் தம்பூராவையும் கவனி. நான்கு தந்தியும் ஜீவாவோடு, அதாவது அடியில் வைக்கும் நூல் தருகிற ரீங்காரத்தோடு, மினுமினுக்க வேண்டும்.

நாதஸ்வரம், தவில் வேண்டாம். பாடலீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் பக்கத்தில் நின்று கேட்டதை வீட்டு ஸ்பீக்கரில் தேடினால் எந்தப் பெட்டியும் பிடிக்காமல் போகும்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) கூட எடுத்துக்கொள். நிறைய வயலின் சேர்ந்து வரும் இடங்களில் அவை ஒரே கூழாகிவிடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார். மாப்பிள்ளை பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்கர் ரை கூடரும் கிடார் வாசித்த 1993 ஆல்பம். கலிஃபோர்னியாவில் ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து நேராக வாசித்து, கவிச்சந்திரன் அலெக்சாண்டர் பதிவு செய்தது. தந்தி ஓய்ந்த பிறகு அந்தக் கட்டடத்தின் காற்று கேட்கும். அதைக் கேட்க வைக்கிற பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு மோசமான பதிவு. சிரிக்காதே. உனக்கு உயிரான பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு ஒன்று, கரகரப்போடு இருந்தால் நல்லது. அதெல்லாம் மோனோ, இரண்டு பெட்டியிலும் ஒரே ஓசைதான் வரும். அதனால் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், அடி ஓசையும் மெலிந்திருந்தால், ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். கடைகளிலும் இது நடக்கும். இன்னொன்றும் உண்டு. சில விலை உயர்ந்த பெட்டிகள் பழைய பாட்டின் குறையை மட்டும் பூதாகரமாக்கிக் காட்டும். அதை வாங்கினால் நீ புதுப் பாட்டு மட்டுமே கேட்க வேண்டியிருக்கும். எனக்கு அது சம்மதமில்லை.

யூடியூபிலிருந்து இறக்கியதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் கொண்டுபோகாதே. சிடி எடுத்துப் போ, அல்லது ஓசையைக் குறைக்காமல் சேமிக்கிற ஃபிளாக் கோப்பு. ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவை மறுபடி சீர்செய்தது, என்று போட்டிருந்தால் கொஞ்சம் யோசி. பலதில் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குத் தட்டிவிடுகிறார்கள். பழைய சிடி பாண்டி சண்டே மார்க்கெட்டில் கிடைக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். துளி கூடுதலாக வைத்தாலே அது நல்லது போலத் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும். ஒரே பாட்டின் ஒரே துண்டை மாற்றி மாற்றிக் கேள். முடிவு செய்வதற்கு முன் ஒரு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேள். வால்யூமைக் குறைக்க கை தானாகப் போனால் எழுந்து வந்துவிடு. முடிந்தால் பேத்தியையும் கூட்டிப் போ. உச்சி ஓசை எல்லாம் இந்த வயதில் என் காதுக்கு எட்டுவதில்லை, அவளுக்கு எட்டும்.

உங்கள் ஃபிளாட்டில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கிறது. கை தட்டினாலே எதிரொலிக்கும். பெட்டி வருவதற்கு முன் ஒரு கனத்த திரைச்சீலை போடு, தரைக்கு நம் வீட்டு ஜமுக்காளத்தை அனுப்புகிறேன்.

ஸ்பீக்கர் மேல் மணி பிளான்ட் தொட்டி வைக்கலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கூடாது என்று நீயே ஃபோன் செய்து சொல்லிவிடு. நான் சொன்னால் எடுபடாது.

அன்புடன்,
அப்பா