பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும்

காவேரிப்பட்டணம்,
வியாழன் இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பையில் பெங்களூரா மாம்பழம் 4 கிலோ, அல்போன்சா 4, சுத்தம் செய்த பட்டுக்கூடு 80, கேழ்வரகு மாவு 1 கிலோ, நிப்பட்டு ஒரு டப்பா இருக்கிறது. கடிதத்தை மாவுப் பொட்டலத்துக்கு மேலேயே வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவை. போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், மீதி டிராஃபிக் சத்தத்தில் போய்விடும்.

சமையலும் வீட்டு அலங்காரமும் சொல்லித்தருகிற அமெரிக்க அம்மாள் மார்த்தா ஸ்டூவர்ட் சொன்ன அளவைக் கிராம் பிசகாமல் போட்டும் ஜாம் கம்மர்கட்டாகிவிட்டது, பாஸ்தா களியாகிவிட்டது, பிஸ்கட் உப்புக் கரிக்கிறது என்று வரிசையாகச் சொன்னாய். உன் கையில் குற்றம் இல்லை. அந்த அம்மாள் 1941-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். சமையலும் தையலும் தாயிடம், தோட்ட வேலை தகப்பனாரிடம் கற்றவர். பங்குத் தரகராக இருந்துவிட்டு, 1970-களில் கனெக்டிகட்டில் விருந்துச் சமையல் எடுத்துச் செய்து, 1990-ல் தன் பெயரில் பத்திரிகை கொண்டுவந்தவர். எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். அவர் உப்பு வேறு, வெண்ணெய் வேறு, தண்ணீர் கொதிக்கிற சூடுகூட வேறு. அவர் சொல்கிற எண்ணை அப்படியே எடுக்காதே, அது எதற்கு வைத்த எண் என்று பார்.

ஜாமில் இருந்து ஆரம்பிக்கிறேன். அங்கேதான் நீ அதிகம் கெடுத்திருக்கிறாய்.

105 டிகிரி வந்ததும் இறக்கு என்று படித்துவிட்டு, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு 105-க்குக் காத்திருந்தாயல்லவா? அந்த 105 கடல் மட்டத்துக் கணக்கு. அங்கே தண்ணீர் 100-ல் கொதிக்கும், ஜாம் அதற்கு மேல் 5 டிகிரியில் பதத்துக்கு வரும். பெங்களூர் 900 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள். உன் வீட்டில் தண்ணீர் 97-ல் கொதித்துவிடும், ஜாமுக்கு 102 போதும். நீ 105 வரைக்கும் விட்டால் இருக்கிற தண்ணீரெல்லாம் சுண்டிப் போய் மிட்டாய்ப் பாகுதான் மிஞ்சும். நம் கிருஷ்ணகிரிப் பக்கமே சுமார் 500 மீட்டர்தான், இங்கே 103-லேயே இறக்கிவிடலாம். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து உன் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார். அதோடு 5 கூட்டிக்கொள். தெர்மாமீட்டரே ஒரு டிகிரி பொய் சொன்னாலும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும்.

அளவு: மாங்கூழ் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், 2 எலுமிச்சையின் சாறு. 2 கிலோ பழத்தில் தோலும் கொட்டையும் போக ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கூழ் வரும். அதில் ஒன்றரைக் கிலோ நன்றாகப் பழுத்ததாகவும், அரைக் கிலோ செங்காயாகவும் இருக்கட்டும். ஜாம் இறுகுவது பெக்டினால். பழம் கனியக் கனிய அது குறையும். முழுக்கப் பழுத்த பழத்தை மட்டும் போட்டால் சாஸ் மாதிரி ஓடும், அதை இறுக்குகிறேன் என்று இன்னும் காய்ச்சினால் நிறம் கறுக்கும். பெங்களூராவில் நார் கிடையாது, கூழ் அதிகம். மணம்தான் கொஞ்சம் மட்டு. அதற்குத்தான் அல்போன்சா வைத்திருக்கிறேன், கிலோ கூழுக்கு 2 பழத்தைச் சேர்த்து அரைத்துக்கொள். பச்சையாகத் தின்று தீர்த்துவிடாதே.

அகலமான, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் எடு. புளிப்புச் சேர்வதால் அலுமினியம் ஆகாது. வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள், காரணம் பின்னால் வருகிறது. கூழை மட்டும் 10 நிமிடம் மிதமான தீயில் கிளறு. பிறகு சர்க்கரையைப் போட்டு, அது முழுக்கக் கரையும் வரை சிறு தீ. கரையாமல் கொதிக்கவிட்டால் ஓரத்தில் ஒட்டின மணிகள் பின்னால் பாட்டிலில் கற்கண்டாகப் பூக்கும். கரைந்ததும் தீயைக் கூட்டு. எலுமிச்சைச் சாறு கடைசி 5 நிமிடத்தில்தான். முன்கூட்டியே ஊற்றி வெகுநேரம் கொதித்தால் புளிப்பே பெக்டினை உடைத்துவிடும். ஒரு தடவைக்கு 2 கிலோ கூழுக்கு மேல் வேண்டாம். அளவு கூடினால் சுண்டுவதற்கு நேரம் கூடும், மணமும் நிறமும் போகும்.

இப்போது எடை. உன் அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் பார்க்கிற பிரிக்ஸ், அதாவது நூற்றுக்கு எவ்வளவு கெட்டிப்பொருள் என்கிற கணக்கு இதுதான், கருவி இல்லாமல் செய்கிறோம், அவ்வளவே. ஒரு கிலோ கூழில் 150 கிராம் அளவுக்கு இனிப்பும் சத்தும், மீதி தண்ணீர். சர்க்கரை 750 சேர்த்தால் 900. ஜாமில் நூற்றுக்கு 65-க்குக் குறையாமல் இந்தக் கெட்டிப்பொருள் இருந்தால்தான் பூசணம் பிடிக்காது. ஆகவே 1,750 கிராமில் ஆரம்பித்தது 1,350 கிராமுக்கு வரும்போது நிறுத்து. பாத்திரத்தோடு தராசில் வை, பாத்திர எடையைக் கழி. தெர்மாமீட்டர் கூழில் சரியாக முங்கவில்லை என்றாலும் தராசு ஏமாற்றாது. இன்னும் சந்தேகமா, ஃப்ரீசரில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு ஸ்பூன் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளு. மேலே சுருக்கம் விழுந்தால் பதம். தட்டில் பார்க்கும்போது அடுப்பை அணைத்துவிடு, இல்லாவிட்டால் நீ பார்த்து முடிப்பதற்குள் பதம் தாண்டிவிடும்.

பாட்டிலை 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கவிழ்த்து உலர்த்து. பாட்டில் சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்று. ஆறின பாட்டில் விரிசல் விடும்.

பாஸ்தாவுக்கு வருவோம். ஒரே சட்டியில் எல்லாவற்றையும் போட்டு வேகவைக்கிற அந்த முறை நல்ல முறைதான். கஞ்சி வடிக்காமல் சோறு பொங்குவது மாதிரி, மாவுச்சத்து தண்ணீரிலேயே தங்கி அதுவே குழம்பாகிறது. அவர் அளவு: நீளப் பாஸ்தா 340 கிராம், தக்காளி 340 கிராம், மெல்லிசாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு 4 பல், மிளகாய்ச் செதில் அரை டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேசில் 2 கொத்து, தண்ணீர் நாலரைக் கப். கொதி வந்து 9 நிமிடம்.

நீ ஒருத்திக்குத்தானே என்று எல்லாவற்றையும் பாதியாக்கினாய், தண்ணீரையும் சேர்த்து. அங்கேதான் கோளாறு ஆரம்பம். தண்ணீர் ஆவியாவது சட்டியின் வாய் அகலத்தையும் நிமிடத்தையும் பொறுத்தது, பாஸ்தா எவ்வளவு என்பதைப் பொறுத்தது அல்ல. அதே சட்டியில் 170 கிராம் வேக இரண்டேகால் கப் பத்தாது, இரண்டே முக்கால் வேண்டும். பத்தாமல் போனதும் நடுவில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருப்பாய், கொதி அடங்கி வெளிப்பக்கம் ஊறிக் குழைந்து உள்ளே வேகாமல் நின்றிருக்கும். ஊற்றுவதானால் கொதிநீர். பெங்களூரில் 97 டிகிரித் தண்ணீருக்கு 9 நிமிடம் போதாது, 11 வை. பாஸ்தா படுத்துக் கிடக்கிற அகலச் சட்டி வேண்டும், ஒடித்துக் குக்கரில் போடாதே. பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பார்த்து வாங்கு, மைதாவில் செய்தது யார் வைத்தாலும் களிதான்.

செர்ரித் தக்காளிக்குக் காசைக் கொட்டாதே. ராயக்கோட்டைத் தக்காளி அங்கேயும் வரும், எட்டாக நறுக்கிப் போடு, சாறு அதிகம் விடும் என்பதால் தண்ணீரில் கால் கப் குறைத்துக்கொள். பேசில் என்றதும் துளசியைக் கிள்ளிப் போட்டாயே, அது இது இல்லை. நம் திருநீற்றுப்பச்சிலைதான் பேசில். அதை அடுப்பை அணைத்த பிறகு போடு.

உப்பு. அவர் ஸ்பூன் கணக்கில் சொல்வது பரல் பரலான உப்பு, ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்கும். நீ போடுவது தூள் உப்பு, அதே ஸ்பூனில் நெருங்கி உட்காரும். பாதியில் ஆரம்பித்து ருசி பார்த்துக் கூட்டு. பிஸ்கட்டுக்கு உப்பு சேர்த்த மஞ்சள் வெண்ணெயைப் போட்டு, அதன்மேல் அவர் சொன்ன உப்பையும் போட்டிருக்கிறாய். கரிக்காமல் என்ன செய்யும்? அவர் ரெசிபிகளில் வெண்ணெய் என்றால் உப்பில்லாதது. க்ரீம் நுரைத்து நிற்கவில்லை என்றாயே, அதுவும் இப்படித்தான். அவர் க்ரீமில் கொழுப்பு 36 சதவீதத்துக்குக் குறையாது, இங்கே டெட்ராபேக்கில் வருவது பெரும்பாலும் 25. மிக்சியே தேய்ந்தாலும் நிற்காது.

பிஸ்கட்டை நம் கேழ்வரகில் செய். வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 90, மைதா 150, கேழ்வரகு மாவு 100, தூள் உப்பு இரண்டு சிட்டிகை. கேழ்வரகு மாவைச் சிறு தீயில் 6 நிமிடம், பச்சை வாசனை போகும் வரை வறுத்து நன்றாக ஆறவிடு. சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகிவிடும். வீட்டு வெண்ணெய் என்றால் உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து மோரை எடுத்துவிடு, அந்தத் தண்ணீர் இருந்தால் பிஸ்கட் தட்டில் பரவும். வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்து, மாவுகளைச் சேர்த்து, கூடவில்லை என்றால் ஒரு மேசைக்கரண்டி பால். மைதாவை அடியோடு விட்டுவிட்டு முழுக்கக் கேழ்வரகில் செய்யாதே, ஒட்டிப்பிடிக்கிற பசை அதில் இல்லை, எடுக்கும்போதே உதிரும். உருளையாக உருட்டி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அரை விரல்கடை கனத்தில் வெட்டு. சுமார் 30 வரும். 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். கேழ்வரகு ஏற்கனவே கறுப்பு என்பதால் பொன்னிறம் வருகிறதா என்று பார்த்து ஏமாறாதே. ஓரத்தைத் தொட்டால் அழுந்தாமல் இருக்க வேண்டும், நடு கொஞ்சம் மெத்தென்று இருக்கலாம், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும்.

அப்புறம் அந்தக் கதவு அலங்காரம். படத்தைப் பார்த்தேன். வேலை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாப்பா, வட்டமாகப் பூக்கட்டி வாசலில் மாட்டினால் நம் ஊரில் அதற்குப் பெயர் மலர்வளையம். எதிர்வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதற்குள் கழற்றிவிடு. மார்த்தாவுக்கு அது வரவேற்பு, நமக்கு வரவேற்பு தோரணம். பட்டுக்கூடு அதற்குத்தான் கொடுத்தனுப்புகிறேன்.

இவை விதைக்காக, அதாவது பட்டுப்பூச்சி முட்டைக்காக, வெட்டிப் புழு எடுத்த கூடு, தருமபுரியில் ஏலத்துக்குப் போகிற முழுக்கூடு அல்ல. வெள்ளை 50, மஞ்சள் 30. உள்ளே காய்ந்த தோல் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மறுபடி பார். இருந்தால் நாறும், எறும்பு வரும், பிறகு வண்டு விழுந்து கூட்டையே அரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசு. கொதிநீரும் சோடாவும் கிட்டே வரக்கூடாது. கூட்டை விறைப்பாக வைத்திருப்பது இழைகளின் மேல் இருக்கிற பசைதான், சூட்டிலும் சோடாவிலும் அது கரைந்து கூடு துவண்டு நூல் நூலாகப் பிரியும்.

சாயம் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், வினிகர் 2 மேசைக்கரண்டி, கால் டீஸ்பூன் கேசரிப் பவுடர். பட்டு, முடி மாதிரிப் புரதம் என்பதால் புளிப்போடு சேர்ந்தால் சாயத்தை நன்றாகப் பிடிக்கும். 20 நிமிடம் ஊறவிட்டு நிழலில் உலர்த்து. பீட்ரூட் சாற்றில் முக்கி நேரத்தை வீணாக்காதே, ஒரு மாதத்தில் வெளுத்துவிடும்.

பாதி ஈரமாக இருக்கும்போதே வெட்டு. காய்ந்ததை வெட்டினால் கத்தரி வழுக்கும், ஓரம் பிசிறும். வெட்டுவாயில் இருந்து அடிப்பக்கம் கால் பங்கு விட்டு 5 இதழாகக் கத்தரி, நுனியை வட்டமாக்கி, விரலில் வெளிப்பக்கம் சுருட்டிவிடு. காய்ந்ததும் அப்படியே நிற்கும். ஒரு பூவுக்கு 3 கூடு, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே போவதைச் சிறியதாக வெட்டு, இதழ்கள் ஒன்றின் நேரே ஒன்று வராமல் மாற்றி வை. ஒட்டுவதற்கு ஃபெவிகால். க்ளூ கன் சூட்டில் விரல் வேகும், இதழ்மேல் சிலந்தி வலை மாதிரி இழை படியும். வெயில் விழுகிற கதவென்றால் அந்தப் பசை இளகிப் பூவும் விழும்.

90 செ.மீ வாசலுக்கு 120 செ.மீ பருத்திக் கயிறு. நடுவில் 15 செ.மீ தொங்கலுக்கு 7, இரண்டு முனை முடிச்சுக்கும் 20, கொஞ்சம் கைப்பிடிக்கு. 15 பூ. முதல் பூ நடுவில், பிறகு இரு பக்கமும் 6 செ.மீ இடைவெளியில் ஏழேழு. ஒரு முனையில் இருந்து கட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பக்கம் கூடுதலாக நிற்கும். ஒவ்வொரு பூவின் அடியிலும் ஊசியால் இரண்டு துளை போட்டுக் கயிற்றோடு சேர்த்துத் தை. 45 கூடு போதும், மீதி 35-ல் கை பழகிக்கொள். மழைக்காலத்தில் இறக்கி, வேப்பிலைச் சருகோடு காகிதப் பையில் வை. பிளாஸ்டிக்கில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பை மடிக்க வரவில்லை என்றாயே, அதை அவர் காட்டுவதே சரி. உள்பக்கம் வெளியே வரும்படி பக்கத்துப் பக்கத்து இரண்டு மூலைக்குள் கையை விட்டு, வலது மூலையை இடது மூலைமேல் தொப்பி மாதிரிக் கவிழ். தொங்குகிற மூலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதே கைமேல் கவிழ்த்து, மேசையில் போட்டு, எலாஸ்டிக் ஓரங்கள் உள்ளே மறையும்படி மடி.

பெங்களூரா இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் நல்லதாகக் கிடைக்கும். இந்த 4 கிலோவில் முதல் 2 கிலோவை மட்டும் காய்ச்சிப் பார், மீதியைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி வை. தட்டில் சுருக்கம் விழுந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை சொல். இன்னொரு பை வேண்டுமென்றால் புதன் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், காலி பாட்டில்களையும் நிப்பட்டு டப்பாவையும் அதே டிரைவரிடம் திருப்பிக் கொடு.

அன்புடன்,
அம்மா